கோழிக்குப் போடும் தடுப்பூசியும் தண்ணீரில் கலக்கும் ஆன்டிபயாடிக்கும் ஒன்றா? ஒரு பண்ணைக்காரனின் கேள்வி

பல்லடத்துக்காரன் (ஞாயிறு, இரவு 9.40)

வணக்கம். நான் பல்லடம் பக்கம் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கிறேன். இரண்டு ஷெட், பேட்சுக்கு 9,000 குஞ்சு. பதினோரு வருடமாக இதுதான் தொழில்.

போன மாதம் அப்பாவுக்குச் சிறுநீரில் தொற்று வந்து ரத்தத்தில் கலந்துவிட்டது. 12 நாள் ஐசியூவில் இருந்தார். முதலில் போட்ட இரண்டு மருந்தும் கேட்கவில்லை. கல்சர் ரிப்போர்ட் வந்த பிறகு கொலிஸ்டின் என்று ஒரு ஊசி போட்டார்கள். பிழைத்துவிட்டார், வீட்டுக்கும் வந்துவிட்டார். ஆனால் மருந்துச் சீட்டில் அந்தப் பெயரைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அதே பெயர் போட்ட பொடிப் பாக்கெட்டை 2017, 2018 வாக்கில் நானே வாளியில் கரைத்துக் குஞ்சுகளுக்குக் குடிக்க விட்டிருக்கிறேன்.

பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "கோழிக்கு ஊசி ஊசியாகப் போட்டு விற்கிறீர்கள், அதுதான் இப்படித் திரும்பி வருகிறது" என்று அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஊசி என்றால் எது? நான் கண்ணில் விடுகிற சொட்டு மருந்தா, தண்ணீரில் கலக்குகிற பொடியா? இரண்டும் ஒரே பெட்டியில்தான் வருகிறது, இரண்டையும் "மருந்து" என்றுதான் சொல்கிறோம். எதை நிறுத்தலாம், எதை நிறுத்தினால் குஞ்சு சாகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாய்மடி (ஞாயிறு, இரவு 10.15)

அப்பா நலமாகத் திரும்பியதில் மகிழ்ச்சி சகோ. நான் சென்னையில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். எனக்கும் இதே குழப்பம்தான். 40 நாளில் இரண்டு கிலோ கோழி எப்படி வளரும்? ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று எங்கள் அடுக்குமாடிக் குழுவில் வாரம் ஒரு வீடியோ வருகிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாமக்கல் கால்நடை (திங்கள், காலை 6.20)

நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்து இருபது வருடமாகக் கோழிப்பண்ணைகளில் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹார்மோன். அப்படி ஒன்று போடுவதில்லை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் வயிற்றில் செரித்துப்போகும். ஊசியாகப் போடுவது என்றால் 9,000 கோழியையும் திரும்பத் திரும்பப் பிடித்துப் போட வேண்டும், எந்தப் பண்ணையிலும் அது ஆகாது. வேகமான வளர்ச்சி இனத் தேர்விலிருந்து வந்தது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய காலங்களைச் சேர்ந்த கறிக்கோழி இனங்களை ஒன்றாக வைத்து, ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான முடிவு: 56-வது நாளில் முதல் இனம் 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். இந்த வேகத்தால் காலும் இதயமும் படும் பாடு தனிப் பிரச்சினை, அதை நான் மறுக்கவில்லை.

இப்போது பல்லடம் நண்பரின் கேள்வி. நீங்கள் கண்ணில் விடும் சொட்டு தடுப்பூசி. நோய்க்கிருமியின் வலுக்குறைந்த வடிவத்தை முன்கூட்டியே உடம்புக்குக் காட்டி, எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்வது அது. பெரும்பாலும் வைரஸ் நோய்களுக்கு. நாம் வெள்ளைக்கழிச்சல் என்கிறோமே, அதன் இன்னொரு பெயர் ராணிக்கெட். 1920களில் இமயமலை அடிவாரத்து ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர். அதற்கு முதல் வாரத்தில் லசோட்டா சொட்டு, 14-ம் நாள் வாக்கில் கம்போரோ என்ற இன்னொரு வைரஸ் நோய்க்குத் தண்ணீரில் ஒன்று, மூன்றாவது வாரத்தை ஒட்டி மறுபடி லசோட்டா. ஊருக்கு ஊர் நாள் கொஞ்சம் மாறும்.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்வது. வைரஸ் நோய்க்கு அது வேலை செய்யாது. வந்த நோய்க்குக் கொடுத்தால் அது சிகிச்சை. நோயே இல்லாமல், தினமும் கொஞ்சமாகத் தீவனத்தில் போட்டு எடை கூட்டுவதற்குக் கொடுத்தால் அது வேறு. 1940களின் கடைசியில் அமெரிக்காவில் ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்து மிஞ்சிய சக்கையைக் குஞ்சுத் தீவனத்தில் சேர்த்துப் பார்த்தபோது குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன. அங்கே தொடங்கிய பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. 2010-ல் உலகக் கால்நடைகளுக்குப் போன ஆன்டிபயாடிக் ஏறக்குறைய 63,000 டன் என்று 2015-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இந்தியா அதில் முதல் ஐந்து நாடுகளுக்குள் இருக்கிறது.

கொஞ்சமாகத் தினமும் கொடுப்பதில்தான் ஆபத்து. வலுவில்லாத பாக்டீரியா செத்து, தாங்கிய பாக்டீரியா மட்டும் பெருகும். தடுப்பூசியில் அந்தச் சிக்கல் இல்லை. ஆகவே உங்கள் சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள்: தடுப்பூசி சரியாகப் போட்ட பண்ணையில்தான் ஆன்டிபயாடிக் செலவு குறையும்.

பல்லடத்துக்காரன் (திங்கள், காலை 7.05)

நன்றி டாக்டர். வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்கிறீர்கள். ஆனால் கம்போரோ வந்தபோதெல்லாம் சூப்பர்வைசர் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார், சாவும் குறைந்தது. அது எப்படி?

நாமக்கல் கால்நடை (திங்கள், மதியம் 1.30)

கேட்க வேண்டிய கேள்வி. கோழியின் மலவாய்க்கு மேலே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு பை உண்டு. நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கேதான் பழகி வெளியே வருகின்றன. கம்போரோ வைரஸ் நேராகப் போய்த் தாக்குவது அந்தப் பையை. மூன்றிலிருந்து ஆறு வார வயதுக் குஞ்சுக்குத்தான் பெரும்பாலும் வரும். பை கெட்டுப்போனால் குஞ்சிடம் எதிர்ப்பு ஒன்றும் மிச்சமிருக்காது. அப்புறம் ஷெட் தரையில் பரப்புகிற மஞ்சியில் எப்போதும் இருக்கிற ஈ.கோலை பாக்டீரியா உள்ளே புகுந்து காற்றுப்பையில், இதயத்தின் மேல், ஈரலின் மேல் வெள்ளைப் படலமாகப் படியும். அறுத்துப் பார்த்திருப்பீர்கள். ஆன்டிபயாடிக் அந்த இரண்டாவது எதிரியைக் கொன்றது, அதனால் சாவு குறைந்தது. 14-ம் நாள் தடுப்பூசி பிடித்திருந்தால் அந்த ஐந்து நாள் மருந்தே தேவைப்பட்டிருக்காது.

ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள். தண்ணீரில் தடுப்பூசி கொடுக்கிற அன்று குளோரினை எப்போது நிறுத்துகிறீர்கள்?

பல்லடத்துக்காரன் (திங்கள், இரவு 8.50)

நிறுத்தியதில்லை டாக்டர். தொட்டியில் எப்போதும் போல மாத்திரை கிடக்கும். யாரும் சொன்னதில்லை.

தடுப்பூசி வரும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில் ஒருவர் பைக்கில் தெர்மாகோல் டப்பாவில் கொண்டுவருவார். ஐந்தாறு பண்ணை சுற்றிவிட்டு என்னிடம் வரும்போது மதியம் ஆகிவிடும், ஐஸ் உருகி டப்பாவில் தண்ணீர் நிற்கும். வாங்கித் தொட்டியில் கொட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பேன். போட்டாயிற்று என்று கார்டில் எழுதுவோம்.

நாமக்கல் கால்நடை (செவ்வாய், காலை 5.55)

நீங்கள் மறைக்காமல் எழுதியது பலருக்கு உதவும். இது உயிருள்ள வைரஸ் தடுப்பூசி. 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால்தான் உயிரோடு இருக்கும். குளோரின் தண்ணீர் பட்டால் சில நிமிடத்தில் செத்துவிடும். செத்த தடுப்பூசியைக் குடித்த குஞ்சுக்கு வெறும் தண்ணீர் குடித்த பலன்தான். கார்டில் டிக் இருக்கும், பாதுகாப்பு இருக்காது. இரண்டு வாரம் கழித்து நோய் வந்தால் "தடுப்பூசி போட்டும் வந்துவிட்டது, மருந்தை ஏற்று" என்பார்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். இரண்டு நாள் முன்பே குளோரினையும் மற்ற கிருமிநாசினிகளையும் நிறுத்தி, தொட்டியையும் குழாயையும் வெறும் தண்ணீரால் கழுவிவிடுங்கள். அன்று விடிகாலையில் வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிட வேண்டும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தண்ணீரை நிறுத்தித் தாகம் எடுக்க விடுங்கள், கடும் வெயில் காலமென்றால் அதைவிடக் குறைவாக. கொழுப்பு நீக்கிய பால்பவுடரை முதலில் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் பொறுத்துப் பிறகு தடுப்பூசியைக் கலக்குங்கள். மிச்சமிருக்கும் குளோரினைப் பால் முறித்துவிடும். குப்பியைத் தண்ணீருக்குள் வைத்தே திறக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துத் தீர்கிற அளவு தண்ணீர்தான் வைக்க வேண்டும். நீலச் சாயம் சேர்த்த மாத்திரை கடையில் கிடைக்கும், அதைப் போட்டால் குடித்த குஞ்சின் நாக்கு நீலமாகும். நூறு குஞ்சைப் பிடித்து நாக்கைப் பாருங்கள்.

ஐஸ் உருகி வந்த குப்பியைக் கையெழுத்துப் போட்டு வாங்காதீர்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இரவுப்பணி (செவ்வாய், காலை 9.10)

நான் ஐசியூ செவிலியர். இரவு ஷிப்ட் முடித்து வந்து இதை முழுவதும் படித்தேன். கொலிஸ்டின் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1950களில் வந்த பழைய மருந்து அது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 70களில் மனிதர்களுக்குக் கொடுப்பதைப் பெரும்பாலும் கைவிட்டார்கள். ஆனால் கால்நடைத் தீவனத்தில் மலிவு மருந்தாகப் புழங்கியது. பிறகு கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் மற்ற எல்லா மருந்துக்கும் பழகிப்போக, வேறு வழியில்லாமல் 2000க்குப் பிறகு மறுபடி எடுத்தோம். இன்று எங்கள் வார்டில் அதுதான் கிட்டத்தட்டக் கடைசிக் கதவு. அதைத் தொடங்கும் அன்று டாக்டர் வீட்டாரைத் தனியாக அழைத்துப் பேசுவார், சிறுநீரகம் கெடுகிறதா என்று காட்டும் கிரியாட்டினினைத் தினமும் பார்ப்போம். தம்பியின் அப்பா திரும்பி வந்தது பெரிய விஷயம். திரும்பாதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்சிஆர்-1 என்ற மரபணுவைப் பற்றி எழுதினார்கள். பன்றி, கோழி இறைச்சி, நோயாளிகள் மூன்றிலும் கிடைத்தது. கொலிஸ்டினைத் தாங்கும் திறனை ஒரு பாக்டீரியா பக்கத்துப் பாக்டீரியாவுக்கு அப்படியே கைமாற்றிவிட முடியும் என்பதுதான் அதில் பயமுறுத்திய செய்தி. சீனா 2017-ல் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் போடுவதை நிறுத்தியது. நம் நாட்டில் 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பு, தீவனம் எல்லாவற்றுக்கும் தடை வந்தது. தம்பி வாளியில் கரைத்த காலத்தில் அது சட்டப்படி விற்ற பொருள். அந்தப் பாரத்தை மனதில் தனியாகச் சுமக்க வேண்டாம்.

நாமக்கல் கால்நடை (செவ்வாய், காலை 11.40)

செவிலியர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்திய ஆஸ்பத்திரிகளில் கிளெப்சியெல்லா கொலிஸ்டினுக்குப் பழகியதற்கு அந்தத் தாவும் மரபணு பெரிய காரணமாகக் காணப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே மருந்து அதிகம் புழங்கி, பாக்டீரியாவின் சொந்த மரபணு மாறியதுதான் முதன்மையாகத் தெரிகிறது. பண்ணையை மட்டும் குற்றம் சொன்னால் பாதி உண்மை விடுபட்டுவிடும். பண்ணைக்குப் பங்கே இல்லை என்று சொன்னாலும் அப்படித்தான்.

இரவுப்பணி (செவ்வாய், மதியம் 12.05)

உண்மை. எங்கள் பக்கத் தவறை நான் மறைக்க மாட்டேன். சளிக் காய்ச்சலுக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கடையில் கேட்டு வாங்குகிற நாடு இது. 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனமே ஆஸ்பத்திரியையும் மருந்துக்கடையையும் கால்நடையையும் சேர்த்துத்தான் பேசியது.

இயற்கைவழி (செவ்வாய், இரவு 7.30)

எல்லோரும் தடுப்பூசி நல்லது, ஆன்டிபயாடிக் கெட்டது என்று பிரிக்கிறீர்கள். என் பார்வையில் இரண்டுமே ஒரே தொழிற்சாலை முறையின் இரண்டு கைகள். ஒரு சதுர அடிக்கு ஒரு கோழி என்று அடைத்து வைப்பதால்தான் இரண்டும் தேவைப்படுகிறது. தாத்தா காலத்து நாட்டுக்கோழிக்கு யார் தடுப்பூசி போட்டார்கள்? மேரெக்ஸ் என்ற கோழி நோய்க்குப் போடும் தடுப்பூசியால் அதன் வைரஸ் முன்பைவிடக் கொடியதாகிவிட்டது என்று ஆய்வே இருக்கிறதே.

கறவைக்காரி (செவ்வாய், இரவு 8.15)

> தாத்தா காலத்து நாட்டுக்கோழிக்கு யார் தடுப்பூசி போட்டார்கள்?

யாரும் போடவில்லை அண்ணா, அதனால்தான் செத்தன. எங்கள் அப்பத்தா வெயில் காலம் வந்தால் "கோழிக்கு நோவு வந்துருச்சு" என்று கூடையோடு கொண்டுபோய்ப் புதைப்பார். கழுத்து திருகி, வெள்ளையாகக் கழிந்து, ஒரே வாரத்தில் கூண்டு காலியாகும். ஐந்து வருடம் முன் எனக்கே 38 நாட்டுக்கோழி அப்படிப் போனது. திறந்த காட்டில் மேய்ந்த கோழிகள்தான், அடைத்து வைத்தவை இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் மாசி வாக்கில் கால்நடைத் துறை நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குத் தவறாமல் தூக்கிக்கொண்டு போகிறேன். இலவசம்தான். அதன் பிறகு அந்த நோய் வரவில்லை. குளிர்பெட்டி இல்லாத ஊருக்கென்று தீனியோடு கொடுக்கிற குருணை மருந்தையும் நம் கால்நடைப் பல்கலைக்கழகம் செய்திருக்கிறது.

மாட்டுக்கும் அப்படித்தான். வெக்கை நோய் என்று ஒன்று இருந்ததே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஊர் ஊராகக் கட்டுத்தறியைக் காலி செய்த நோய். 2011-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். தடுப்பூசி இல்லாமல் அது போயிருக்காது.

நாமக்கல் கால்நடை (செவ்வாய், இரவு 9.25)

இயற்கைவழி நண்பர் சொன்ன மேரெக்ஸ் ஆய்வு உண்மை. 2015-ல் வந்தது. அந்தத் தடுப்பூசி கோழியைச் சாகாமல் காக்கும், ஆனால் வைரஸ் கோழிக்குள் பெருகி வெளியேறுவதை முழுவதும் தடுக்காது. வழக்கமாக ஒரு வைரஸ் மிகக் கொடியதானால் தான் தங்கியிருக்கும் கோழியைச் சீக்கிரம் கொன்று தானும் பரவாமல் போகும். தடுப்பூசி போட்ட கோழி சாகாததால் கொடிய வகையும் தங்கிப் பரவ முடிகிறது. போடாத கோழிக்கு அது பட்டால் பத்து நாளைக்குள் முடிந்துவிடும். முட்டைக்கோழிக்குப் பொரிப்பகத்திலேயே, முதல் நாளே, கழுத்தில் ஊசி போடுவது இந்த நோய்க்குத்தான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, தடுப்பூசி போட்டாயிற்று என்று சுத்தத்தைக் கைவிடக் கூடாது என்பது. நெரிசல் பற்றி நீங்கள் சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். ஈரமான மஞ்சி, அம்மோனியா வாடை, காற்றில்லாத ஷெட் இவற்றுக்குத் தடுப்பூசி கிடையாது. அம்மோனியா மூச்சுக்குழாயை அரித்துவிட்டால் சாதாரண லசோட்டா சொட்டே சளியைக் கிளப்பிவிடும். உடனே "வாக்சின் ஸ்ட்ரெஸ்" என்று சொல்லி மூன்று நாள் ஆன்டிபயாடிக். தடுப்பூசியும் ஆன்டிபயாடிக்கும் கைகோத்து வருவது இப்படித்தான். அதை ஷெட்டைச் சரிசெய்துதான் நிறுத்த முடியும்.

வடகடல் (புதன், அதிகாலை 2.10)

நோர்வேயிலிருந்து எழுதுகிறேன். அப்பா 80களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நான் சால்மன் பண்ணையில் வேலை. கோழி பற்றி எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் உங்கள் கேள்விக்கு இந்த நாடு ஏற்கெனவே ஒரு பதில் கண்டிருக்கிறது.

80களில் இங்கே சால்மன் வளர்ப்பு வேகமாகப் பெருகியது. ஹிட்ரா என்ற தீவின் பெயரால் ஹிட்ரா நோய் என்று ஒன்று, குளிர்ந்த கடலில் வரும் பாக்டீரியா நோய், கூண்டு கூண்டாக மீனைக் கொன்றது. 1985-ல் ஸ்கொட்லாந்திலிருந்து கொண்டுவந்த குஞ்சு மீனோடு ஃபுருங்குலோசிஸ் என்ற இன்னொன்றும் வந்து சேர்ந்தது. தீவனத்தில் ஆன்டிபயாடிக்கைக் கலந்து கடலில் கொட்டினார்கள். அந்தக் காலத்து வேலையாட்கள் மூட்டை மூட்டையாகக் கலந்த கதையை இன்றும் சொல்லுவினம். 1987-ல் நாடு முழுக்க 48 டன்னுக்கு மேல் போனது. அப்போது மீன் உற்பத்தி ஏறக்குறைய 50,000 டன்தான். கிட்டத்தட்ட ஒரு டன் மீனுக்கு ஒரு கிலோ ஆன்டிபயாடிக், யோசித்துப் பாருங்கள்.

பிறகு தடுப்பூசி வந்தது. முதலில் ஹிட்ரா நோய்க்கு, 90களின் தொடக்கத்தில் எண்ணெய் கலந்த ஊசி ஃபுருங்குலோசிஸுக்கும். சில வருடத்திலேயே ஆன்டிபயாடிக் ஒன்றிரண்டு டன்னுக்கு இறங்கிவிட்டது. இன்று இங்கே வருடத்துக்குப் பதினைந்து லட்சம் டன் அளவில் சால்மன் வளர்க்கிறார்கள், ஆன்டிபயாடிக் ஒரு டன்னுக்குள்.

எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு மீனுக்கும் ஊசிதான். கைக்கு அடக்கமான குஞ்சாக நன்னீர்த் தொட்டியில் இருக்கும்போதே மயக்க மருந்துத் தண்ணீரில் விட்டு, வயிற்றில் ஒரு குத்து. இப்போது இயந்திரம் செய்கிறது. நான் சேர்ந்த புதிதில் கையால் போடும் குழுவில் இருந்தேன், மாலையில் விரல் மடங்காது. மீன் கடலுக்குப் போகுமுன் எதிர்ப்பு ஏற வாரக்கணக்கில் அவகாசம் கொடுப்பார்கள். அவசரப்பட்டால் பிடிக்காது.

ஊசி மட்டும் இதைச் செய்யவில்லை. ஒரு தலைமுறை மீனை அறுவடை செய்த பிறகு அந்தக் கடலிடத்தைச் சில மாதம் காலியாக விட வேண்டும். வெவ்வேறு வயது மீனை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. மருந்து எழுத மிருக வைத்தியரின் சீட்டு கட்டாயம், ஒவ்வொரு சீட்டும் அரசுக் கணக்கில் ஏறும். இந்தக் கணக்கு இருப்பதால்தான் மேலே எழுதிய எண்களை என்னால் எழுத முடிகிறது.

குறையும் உண்டு. எண்ணெய் ஊசியால் வயிற்றுக்குள் உறுப்புகள் ஒட்டிக்கொள்ளும், முதல் காலத்து ஊசிகளில் முதுகெலும்பு வளைந்த மீன்களும் வந்தன. மீனின் மேல் ஒட்டி வாழும் கடல் பேனுக்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை, அதற்காக மீனைப் படுத்தும் பாடு பார்க்கச் சகிக்காது. சிலி நாட்டில் இதே சால்மனுக்கு வரும் வேறொரு பாக்டீரியா நோய்க்குத் தடுப்பூசி சரியாகப் பிடிக்கவில்லை. அங்கே வருடத்துக்கு 300 டன்னுக்கு மேல் ஆன்டிபயாடிக் போகிறது.

தாய்மடி (புதன், காலை 8.00)

50,000 டன்னுக்கு 48 டன், பதினைந்து லட்சம் டன்னுக்கு ஒரு டன்னுக்குள்! நன்றி வடகடல். எங்கள் குழுவில் வரும் வீடியோக்களில் இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததே இல்லை.

பல்லடத்துக்காரன் (புதன், இரவு 9.30)

வடகடல் அண்ணா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒவ்வொரு மீனுக்குமா?" என்று இரண்டு முறை கேட்டார்.

இப்போது என் பக்கக் கஷ்டம். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனத்துடையது. ஷெட், ஆள், கரண்ட், மஞ்சி என்னுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி, எஃப்.சி.ஆரும் (ஒரு கிலோ எடைக்கு ஆகும் தீவனம்) சாவும் ஏறினால் கூலி குறையும். தீவன மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் "அது ஃபேக்டரியில் முடிவு செய்வது" என்கிறார்கள். சூப்பர்வைசர் கொடுக்கும் பொடியில் பாதிக்கு லேபிள் கிழிந்திருக்கும். 100 குஞ்சு செத்தால் எனக்குத்தான் அடி. இந்தப் பயத்தில் யாராவது ஒரு பாக்கெட்டை நீட்டினால் போடாமல் எப்படி இருப்பது?

கறவைக்காரி (வியாழன், காலை 6.40)

இந்தப் பயம் எனக்கும் தெரியும் தம்பி. பாலில் ரத்தம் கண்டால் உடனே மடிக்குள் ஆன்டிபயாடிக் டியூப் ஏற்றச் சொல்வார்கள். ஏற்றினால் மருந்து இறங்கும்வரை பாலை ஊற்றக் கூடாது. நாலு நாள் பால் போனால் அந்த வார வீட்டுச் செலவு போச்சு. அதனால் எத்தனை பேர் டியூப் போட்டுவிட்டு மறுநாளே சொசைட்டிக்கு ஊற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பாவம் என்று சொல்லவும் முடியவில்லை, சரி என்று சொல்லவும் முடியவில்லை.

நான் மடிநோய் தொடக்கமாக இருந்தால் கற்றாழை வைத்தியம் செய்கிறேன். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, தண்ணீராகக் கரைத்து, மடியைக் கழுவிக் கறந்துவிட்டு ஒரு நாளைக்குப் பல தடவை பூசுவது. கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை. தொடக்க வீக்கத்துக்கு எனக்குப் பலித்திருக்கிறது. மாடு காய்ச்சலோடு தீனி எடுக்காமல் நின்றால் காத்திருக்க மாட்டேன், டாக்டரைக் கூப்பிடுவேன்.

நாமக்கல் கால்நடை (வியாழன், மதியம் 2.15)

காய்ச்சல் வந்த மாட்டுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்காமல் இருப்பதும் கொடுமைதான், அதை அக்கா சரியாகச் சொன்னார்.

பல்லடம் தம்பி, நீங்கள் சொன்னது தனி ஆளால் தீர்வதில்லை. டென்மார்க்கில் பன்றிக்கு வளர்ச்சி ஆன்டிபயாடிக்கை நிறுத்தியபோது முதலில் தாய்ப்பால் மறந்த குட்டிகளுக்குக் கழிச்சல் கூடியது, சிகிச்சை மருந்தும் கொஞ்சம் ஏறியது. அப்படியே விடாமல் பால் மறக்கும் வயதைத் தள்ளினார்கள், தீவனத்தை மாற்றினார்கள். 2010-ல் அதிகம் மருந்து போடும் பண்ணைக்கு எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை கொடுக்கும் முறை வந்தது. ஐரோப்பா முழுவதும் 2006-லேயே வளர்ச்சி ஆன்டிபயாடிக் தடை. அமெரிக்காவில் 2017-லிருந்து மனிதனுக்கு முக்கியமான மருந்துகளை எடைக்காகப் போடக் கூடாது. எங்கேயும் பண்ணைக்காரன் மனம் மாறியதால் மட்டும் நடக்கவில்லை, தீவன ஆலையையும் மருந்து விற்பவனையும் சேர்த்துக் கட்டினார்கள்.

உங்கள் கையில் இருப்பது இவ்வளவு. லேபிள் இல்லாத பொடியை ஷெட்டுக்குள் விடாதீர்கள். கொடுத்த மருந்தின் பெயர், நாள், அளவை நோட்டில் எழுதுங்கள். மருந்து நிறுத்தி எத்தனை நாள் கழித்துக் கோழியை ஏற்றலாம் என்று எழுதி வாங்குங்கள். செத்த குஞ்சை அறுத்துப் பார்க்காமல் ஐந்து நாள் மருந்து தொடங்கச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். நாமக்கல் கல்லூரிக்குக் கொண்டுபோனால் எந்த மருந்துக்குக் கேட்கும் என்று சோதித்துச் சொல்வார்கள்.

இயற்கைவழி (வியாழன், இரவு 7.00)

கறவைக்காரி அக்காவின் 38 கோழிக் கதையைப் படித்த பிறகு என் கருத்தில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன். என்னிடம் 20 நாட்டுக்கோழி உண்டு. இந்த வருடம் முகாமுக்குக் கொண்டுபோகிறேன். நெரிசல் பற்றிய என் கருத்து மாறவில்லை.

பல்லடத்துக்காரன் (மூன்று வாரம் கழித்து, சனி, காலை 10.20)

திரும்ப வந்து சொல்வேன் என்று நினைத்திருந்தேன், சொல்கிறேன்.

புது பேட்ச் இறங்கியது. பக்கத்தில் இருக்கிற ஆறு பண்ணைக்காரர்களும் நானும் சேர்ந்து சூப்பர்வைசரிடம் பேசினோம். தடுப்பூசி வண்டி எங்கள் பக்கத்துக்குக் காலை ஆறு மணிக்குள் வரும் என்று ஒத்துக்கொண்டார். முதல் தடவை 6.40க்கு வந்தது, ஐஸ் கட்டியாக இருந்தது. தீவனத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

14-ம் நாள் கம்போரோ. இரண்டு நாள் முன்பே குளோரினை நிறுத்தினேன். குழாயைத் திறந்துவிட்டபோது உள்ளேயிருந்து வந்த சேற்றைப் பார்த்து என் மனைவி, "இதையா இத்தனை வருடம் குடிக்க விட்டோம்?" என்றாள். பால்பவுடர் கலந்து, நீல மாத்திரை போட்டு, இரண்டு மணி நேரத்தில் குடித்து முடித்தன. ஷெட்டுக்கு நூறு குஞ்சு பிடித்து நாக்கைப் பார்த்தோம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிச் சொன்னார். முதல் ஷெட்டில் 96 நீலம், இரண்டாவதில் 81.

நாமக்கல் கால்நடை (சனி, காலை 11.05)

96 நல்ல எண். இரண்டாவது ஷெட்டில் நாக்கு நீலமாகாத 19 குஞ்சும் எந்தப் பக்கம் நின்றன என்று பார்த்தீர்களா?

பல்லடத்துக்காரன் (சனி, காலை 11.30)

தெற்கு மூலை டாக்டர். நிப்பிள் லைன் முடிகிற இடம், தண்ணீர் அங்கே கடைசியாகத்தான் போய்ச் சேர்கிறது. 21-ம் நாள் லசோட்டாவுக்கு அந்த மூலையில் தனியாக நாலு தண்ணீர்த் தட்டு வைக்கப்போகிறேன். எண்ணிவிட்டு எழுதுகிறேன்.